நீதிமன்றப் படங்களும் ஊர்த் தீர்ப்புகளும்



தவணை விடுமுறை வந்தால் பழைய மாணவர்கள் இன்பொக்ஸில் வந்து "சேர், நல்ல படம் ஒன்டு சொல்லுங்க" என்று கேட்பது வழமை. இந்த முறை நாங்கள் சொல்லப்போவது எல்லாமே நீதிமன்றப் படங்கள். பதிவு கொஞ்சம் நீளம். பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். படம் பார்ப்பது கூடுமா கூடாதா என்ற விவாதத்தைத் தயவுசெய்து கமெண்டில் ஆரம்பிக்க வேண்டாம், அதற்கு ஊரில் ஏற்கனவே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள். ஏன் இப்போது இந்தப் படங்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறோம்.

நீதிமன்றப் படம் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது வசனம்தான். 1952இல் வந்த 'பராசக்தி'யில் கூண்டில் நின்று சிவாஜி பேசியதை எங்கள் வாப்பாமார் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார்கள். 2021இல் 'ஜெய் பீம்' வந்தபோது ஊரே பார்த்தது. 1993இல் சட்டத்தரணி சந்துரு நடத்திய உண்மை வழக்கு அது. பொலிஸ் நிலையத்துக்குள் ஏழைக்கு நடப்பதை அந்தப் படம் மறைக்காமல் காட்டியது, அந்த வகையில் எங்களுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இந்த இரண்டு படத்திலும் யார் பக்கம் நியாயம் என்பது பார்க்கிற நமக்கு முதலிலேயே தெரியும். நீதிபதிக்கு அது எப்போது தெரியவரும் என்று காத்திருப்பதுதான் நம் வேலை. நாம் ஒரு நிமிடமும் சந்தேகப்பட வேண்டியதில்லை. அதனால்தான் இந்த வகைப் படங்கள் நமக்கு இவ்வளவு சுகமாக இருக்கின்றன என்று நினைக்கிறோம்.

நிஜமான கோர்ட்டுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். காணி வழக்கோ தாபரிப்பு வழக்கோ, அவர்கள் சொல்வதில் வசனம் இருக்காது. "காலையில எட்டு மணிக்குப் போன, பதினொரு மணிக்குக் கூப்பிட்டாங்க, ரெண்டு நிமிஷத்தில தவணை போட்டுட்டாங்க." இவ்வளவுதான் இருக்கும். இதை அப்படியே படமாக எடுத்தவர் மும்பைக்காரரான சைதன்ய தம்ஹானே. படத்தின் பெயரே 'கோர்ட்', 2014இல் வந்தது, பெரும்பகுதி மராத்தி. நாராயண் காம்ப்ளே என்ற வயதான பாடகர் மேல் ஒரு வழக்கு. அவர் தெருவில் பாடிய பாட்டைக் கேட்டுத்தான் ஒரு கழிவுநீர்த் தொழிலாளி குழிக்குள் இறங்கித் தற்கொலை செய்துகொண்டார் என்கிறது பொலிஸ். கேட்கவே சிரிப்பு வரும், ஆனால் படத்தில் யாரும் சிரிப்பதில்லை. அரச தரப்புச் சட்டத்தரணி ஒரு பெண். வீட்டுக்குப் போய் சமைக்கிறார், பிள்ளைகளைப் பார்க்கிறார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. நீதிபதியும் அப்படித்தான். வேறொரு வழக்குக்கு வந்த பெண் கையில்லாத சட்டை அணிந்திருக்கிறார் என்பதற்காக அந்த வழக்கையே எடுக்காமல் தள்ளிவைக்கிறார். நல்ல மனிதர்கள் சேர்ந்து நடத்துகிற அநியாயம் எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் இந்தப் படத்தைப் பாருங்கள்.

அதில் ஒரு இடம் எங்கள் மனதை விட்டுப் போவதில்லை. இறந்த தொழிலாளியின் மனைவி சாட்சி சொல்ல வருகிறார். குழிக்குள் நச்சுக்காற்று இருக்கிறதா என்று பார்க்கக் கணவர் முதலில் ஒரு கல்லைப் போடுவாராம், கரப்பான் பூச்சி வெளியே வந்தால் இறங்குவாராம். முகமூடி இல்லை, கையுறை இல்லை. அந்தப் பெண் அதைச் சாதாரணமாக, வீட்டு விடயம் சொல்வது போலச் சொல்கிறார். யாருடைய குற்றம் என்ற கேள்விக்கு விடை அதிலேயே இருக்கிறது. ஆனால் அந்த வழக்கில் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு இடமே இல்லை.

இனி எங்களுக்கு மிகவும் பிடித்த படத்துக்கு வருவோம். கலாசாலை விடுதியில் இருந்த காலத்தில் ஒரு நண்பரின் பழைய லெப்டொப்பில் நாங்கள் ஐந்தாறு பேர் 'ட்வெல்வ் ஆங்ரி மென்' பார்த்தோம். 1957இல் சிட்னி லுமெட் எடுத்தது. கறுப்பு வெள்ளை. முழுப்படமும் 96 நிமிடங்கள்தான், அதில் ஏறக்குறைய எல்லாமே ஒரே அறைக்குள். பாட்டில்லை, சண்டையில்லை, பன்னிரண்டு ஆண்கள் வியர்த்துக்கொண்டு பேசுகிறார்கள். ஆரம்பத்தில் எங்களில் ஒருவர் குறட்டையே விட்டார். முடிகிறபோது அவர்தான் எல்லோரையும் விடச் சத்தமாக விவாதம் பண்ணினார்.

கதை இதுதான். தகப்பனைக் கத்தியால் குத்திக் கொன்றதாக 18 வயதுப் பையன் ஒருவன் மேல் வழக்கு. குற்றவாளி என்றால் மின்சார நாற்காலி. ஜூரி பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். அறைக்குள் வந்ததும் கை உயர்த்தச் சொல்கிறார்கள். பதினொரு பேர் குற்றவாளி என்கிறார்கள், ஹென்றி ஃபொண்டா மட்டும் இல்லை என்கிறார். பையன் நிரபராதி என்று அவர் சொல்வதில்லை, இதைக் கவனிக்க வேண்டும். அவருக்கும் தெரியாது. ஒரு உயிரை ஐந்து நிமிடத்தில் முடிக்காமல் கொஞ்சம் பேசுவோம் என்பதுதான் அவர் கேட்பது.

பிறகு ஒவ்வொன்றாகக் கழலத் தொடங்குகிறது. கொலைக் கத்தி அபூர்வமானது, வேறெங்கும் கிடைக்காது என்று வழக்கில் சொல்லியிருந்தார்கள். ஃபொண்டா தன் சட்டைப்பையில் இருந்து அதே மாதிரிக் கத்தியை எடுத்து மேசையில் குத்துகிறார், பையனின் வீட்டுப் பக்கத்துக் கடையில் வாங்கியது. கீழ் வீட்டுக் கிழவர் ஒருவர், ஆள் விழுந்த சத்தம் கேட்டு 15 வினாடியில் கதவுக்கு வந்து பையன் ஓடுவதைக் கண்டேன் என்று சாட்சி சொன்னவர். கிழவர் காலை இழுத்து நடப்பவர். ஜூரி அறையிலேயே தூரத்தை அளந்து, அவரைப் போலக் காலை இழுத்து நடந்து பார்க்கிறார்கள். 41 வினாடி எடுக்கிறது.

அப்படியென்றால் கிழவர் பொய் சொன்னாரா? இந்த இடத்தில்தான் படம் நம்மை உட்கார வைக்கிறது. ஜூரிகளில் வயதான ஒருவர் விளக்குகிறார். வாழ்க்கை முழுக்க யாரும் மதிக்காத, யாரும் அபிப்பிராயம் கேட்காத ஒரு மனிதருக்கு, ஒரே ஒரு நாள் எல்லோரும் தன் வாயைப் பார்த்திருக்கும் சந்தர்ப்பம் கிடைத்தால், அவர் பொய்யென்று தெரியாமலே தான் கண்டதாக நம்பிவிடலாம் என்கிறார். ஆசிரியராக இருக்கும் யாருக்கும் இது புரியும். வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத பிள்ளைதான் சண்டை நடந்தால் முதலில் ஓடி வரும். "சேர், நான் கண்ட சேர்! வல்லாஹி நான் கண்ட!"

இந்தப் படத்தைப் பார்த்த பிறகு குடியுரிமைக் கல்விப் பாடத்தில் நாங்கள் ஒரு வேலை செய்வதுண்டு. பாடம் நடக்கும்போது மேல் வகுப்பு மாணவன் ஒருவன் திடீரென்று உள்ளே வந்து மேசையில் இருக்கும் சோக் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். முன்கூட்டியே பேசி வைத்ததுதான். பிறகு எல்லோரையும் கண்டதை எழுதச் சொல்வோம். சேர்ட்டின் பட்டன் திறந்திருந்தது என்பார்கள், மூடியிருந்தது என்பார்கள். இடது கையால் எடுத்தான், வலது கையால் எடுத்தான். கையில் பை இருந்தது என்று ஒவ்வொரு முறையும் சிலர் எழுதுவார்கள். பை இருந்ததே இல்லை. அதைவிட ஆச்சரியம், யாரும் "எனக்குத் தெரியாது" என்று எழுதுவதில்லை. தெரியாது என்று எழுதினால் புள்ளி குறைந்துவிடும் என்று நாம்தான் பழக்கி வைத்திருக்கிறோம்.

மறுபடி படத்துக்கு. அந்தப் பன்னிரண்டு பேரில் நமக்குக் கோபம் வருவது பத்தாம் ஆள் மேல். இந்தச் சேரிக்காரர்களே இப்படித்தான், பிறவிப் பொய்யர்கள் என்று கத்துகிறார். ஒவ்வொருவராக மேசையை விட்டு எழுந்து அவருக்கு முதுகைக் காட்டுகிறார்கள். அருமையான காட்சி, மறுப்பதற்கில்லை. ஆனால் எங்களுக்கு அவரை விடப் பயம் ஏழாம் ஆளிடம்தான். சட்டைப்பையில் பேஸ்போல் போட்டிக்கு டிக்கட் இருக்கிறது, போக வேண்டும் என்ற அவசரம். முதலில் குற்றவாளி என்கிறார், பேச்சு நீண்டதும் சரி குற்றமில்லை என்று மாற்றிக்கொள்கிறார். பையனுக்கு நன்மையான பக்கத்துக்குத்தான் மாறுகிறார், இருந்தும் மணிக்கூட்டுக்காரர், வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர், அவரை உலுக்கி எடுக்கிறார். சரியான முடிவை அவசரத்தில் எடுப்பதும் ஒரு அநியாயம் என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன படம் வேறு நாங்கள் பார்க்கவில்லை.

பையன் உண்மையில் கொன்றானா? கடைசி வரை படம் சொல்வதில்லை.

இந்தியில் பாசு சட்டர்ஜி 1986இல் 'ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா' என்று எடுத்தார். 2007இல் ரஷ்யாவில் நிகிதா மிகல்கோவ் '12' என்று எடுத்தார், அதில் குற்றம் சாட்டப்பட்டவன் செச்னியப் பையன். இரண்டையும் தேடிப் பார்க்கலாம். முதலில் 1957 படத்தைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

இந்த இடத்தில் நம் நாட்டைப் பற்றி ஒன்று. இலங்கையிலும் மேல் நீதிமன்றத்தில் ஜூரி முறை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. எங்களிடம் பன்னிரண்டு பேர் இல்லை, ஏழு பேர். எல்லோரும் உடன்பட வேண்டிய கட்டாயமும் இல்லை, ஐந்துக்கு இரண்டு போதும். யோசித்துப் பாருங்கள். ஹென்றி ஃபொண்டா நம் ஊர் ஜூரி அறையில் இருந்திருந்தால் முதல் வாக்கெடுப்போடு படம் முடிந்திருக்கும். ஒற்றை ஆளின் சந்தேகத்துக்கு இங்கே சட்டப்படி பெறுமதி இல்லை. அதோடு இங்கே ஜூரியை எந்த மொழி பேசுவோரில் இருந்து எடுப்பது என்ற கேள்வியும் உண்டு. 2016 டிசம்பரில் ரவிராஜ் கொலை வழக்கில் சிங்கள மொழி ஜூரி எல்லோரையும் விடுவித்தபோது அந்தக் கேள்வி பலரின் மனதில் எழுந்தது. அதற்குள் இப்போது போகவில்லை.

ஆனால் 2019 மே மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஹஸலகவில் நம் சகோதரி ஒருவர் உடுத்திருந்த உடுப்பில் ஒரு சக்கரப் படம் இருந்தது. கப்பலின் சுக்கான் சக்கரம். அதைத் தர்மச் சக்கரம் என்று சொல்லிக் கைது செய்து விளக்கமறியலில் வைத்தார்கள். அடுத்த மனிதனின் நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஒரு படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க எத்தனை நிமிடம் எடுக்கும்? ஒரு சந்தேகத்தை எழுப்ப அங்கே ஒரு கை உயரவில்லை. அந்த நாட்களில் நாம் எல்லோரும் நாட்டைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள்.

சரி, இனி ஈரான். அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செப்பரேஷன்', 2011. பெர்லினில் தங்கக் கரடி, அடுத்த வருடம் ஒஸ்கார், ஈரானுக்குக் கிடைத்த முதல் ஒஸ்கார். குடும்பத்தோடு பார்க்கலாம், கூச்சப்பட ஒரு காட்சியும் இல்லை.

படம் தொடங்கும்போது கணவனும் மனைவியும் நேராக நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள். விவாகரத்து விசாரணை. நீதிபதியின் குரல் மட்டும் கேட்கிறது, ஆளைக் காணோம், கெமரா இருப்பது அவருடைய கதிரையில். 1950இல் ஜப்பானில் குரோசவா 'ரஷோமொன்' படத்திலும் இதையேதான் செய்தார், சாட்சிகள் எல்லோரும் நம்மைப் பார்த்தே பேசுவார்கள். நீதிபதியின் இடத்தில் நம்மை இருத்திவிட்டு, எங்கே தீர்ப்புச் சொல் பார்ப்போம் என்கிறார்கள். சொல்லத்தான் முடியாது.

மனைவி சிமினுக்கு மகளோடு வெளிநாடு போக வேண்டும். கணவன் நாதிரால் மறதி நோயில் கிடக்கும் தகப்பனை விட்டுப் போக முடியாது. இரண்டும் நியாயம். மனைவி தாய் வீட்டுக்குப் போய்விட, கிழவரைப் பார்த்துக்கொள்ள ரஸியா என்ற ஏழைப் பெண் வேலைக்கு வருகிறார். மார்க்கப் பற்றுள்ளவர். கிழவர் உடுப்பை நனைத்துக்கொண்டபோது, அந்நிய ஆணின் உடுப்பை மாற்றலாமா என்று போன் எடுத்து மார்க்கத் தீர்ப்புக் கேட்கிறார். நம் வீட்டுப் பெண்களை அப்படியே பார்த்தது போல இருந்தது. ஒரு நாள் நாதிர் வீட்டுக்கு வந்தால் தகப்பன் கட்டிலில் கட்டப்பட்டு, கீழே விழுந்து கிடக்கிறார். ரஸியா வீட்டில் இல்லை. அவர் திரும்பி வந்ததும் பெரிய வாக்குவாதம். கதவுக்கு வெளியே தள்ளுகிறான். ரஸியா கர்ப்பிணி. கர்ப்பம் கலைகிறது. வழக்கு வருகிறது. அவர் கர்ப்பிணி என்று தள்ளும்போது அவனுக்குத் தெரியுமா தெரியாதா? அதுதான் முழு வழக்கும்.

கறுப்பு அங்கி கிடையாது, மேடை கிடையாது. சின்ன அறை, ஒரு மேசை, வெளியே நெரிசலான நடைபாதை, கதவைத் திறந்து திறந்து உள்ளே எட்டிப் பார்க்கும் ஆட்கள். சாட்சிக்கு வருபவர்களில் ஒருவர் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. நாதிருக்குச் சாதகமாகச் சொல்கிறார். ரஸியாவின் கணவன் அவருடைய பாடசாலைக்கே வந்து கத்துகிறான். பின்னர் அவர் தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுகிறார். ஆசிரியர்களே, அந்தப் பெண்ணை உற்றுப் பாருங்கள். நல்ல குடும்பம், எனக்குத் தெரிந்த ஆள், பொய் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கையில் சொல்லப்பட்ட சாட்சி அது. நாமும் எத்தனை "நற்சான்றிதழ்" எழுதிக் கொடுக்கிறோம்!

பிறகு மகள் தெர்மே. இயக்குநரின் சொந்த மகள் சரீனாதான் நடித்திருக்கிறார். பதினொரு வயது. வாப்பா பொய் சொல்கிறார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. நீதிபதி அவளிடம் கேட்கும்போது வாப்பாவைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். காரில் திரும்பும்போது சத்தமில்லாமல் கண்ணீர் வடிகிறது. வளர்ந்த ஆட்களின் வழக்கில் பிள்ளைகளைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் அந்தக் காரில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கடைசியில் நஷ்டஈடு கொடுத்து முடிக்கப் பேச்சாகிறது. கடன்காரர்கள் ரஸியாவின் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். காசு கைக்கெட்டும் தூரத்தில். நாதிர் ஒன்றே ஒன்று கேட்கிறான், நான் தள்ளியதால்தான் பிள்ளை போனது என்று குர்ஆன் மேல் சத்தியம் செய்யட்டும். ரஸியாவால் முடியவில்லை. முதல் நாள் அவரை ஒரு கார் மோதியிருந்தது. பிள்ளை அதனால் போயிருக்கலாம் என்ற ஒரு சந்தேகம். உறுதி இல்லை, சந்தேகம் மட்டும்தான். கணவன் கெஞ்சுகிறான், தன்னைத்தானே அடித்துக்கொள்கிறான். அவர் சத்தியம் செய்வதில்லை. குடும்பமே தெருவுக்கு வரும் நிலையிலும் செய்வதில்லை.

வாதியிடம் ஆதாரம் கேள், மறுப்பவனிடம் சத்தியம் கேள் என்பது நம் மார்க்கத்தில் சிறு பிள்ளையும் ஓதியறிந்த சட்டம். அதை வசனமாகப் பேசும் படங்கள் உண்டு. ஒரு ஏழைப் பெண்ணின் நடுங்கும் கையில் வைத்துக் காட்டியது இந்தப் படம்தான்.

இதே ஈரானில் 1990இல் கியாரொஸ்தமி எடுத்த 'க்ளோஸ் அப்' இன்னொரு அதிசயம். சப்ஸியான் என்ற ஏழை, தான் பிரபல இயக்குநர் மக்மல்பாஃப் என்று சொல்லி ஒரு குடும்பத்தை ஏமாற்றி மாட்டிக்கொள்கிறார். நிஜ வழக்கு, நிஜ ஆட்கள், நிஜ விசாரணைக்குள்ளேயே கெமரா. எதற்காகச் செய்தாய் என்று அவரைப் பேச விடுகிறார்கள். அவர் பேசப் பேச, ஏமாந்த குடும்பம் மன்னிக்கிறது. களவு பிடிபட்டவனையும் உட்காரவைத்து, நீ ஏன் செய்தாய் என்று கேட்டு, பதில் முடியும் வரை காத்திருக்கலாம் என்பது அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தோன்றியது.

இனிக் காரணத்துக்கு வருவோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கடையில் ஒரு போன் காணாமல் போனது. சீசீடீவியில் இருந்து எடுத்த மங்கலான போட்டோ ஒன்று, கூடவே ஒரு வொய்ஸ் கட், ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் வந்தது. போட்டோவில் இருப்பது ஒரு பையனின் முதுகும் பாதி முகமும். இஷாவுக்குள் பெயர் வந்துவிட்டது, வாப்பாவின் பெயர் வந்துவிட்டது, "அந்தக் குடும்பமே அப்படித்தான்" என்பதும் வந்துவிட்டது. அந்தப் பத்தாம் ஆள் சொன்ன அதே வசனம். பொலிஸில் முறைப்பாடு ஒன்றும் போடப்படவில்லை. பையனிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஹஸலக சகோதரிக்காக 2019இல் கண்ணீர் விட்டு ஷெயார் பண்ணிய அதே போன்களில் இருந்துதான் இந்தப் போட்டோவும் ஷெயார் ஆனது.

அடுத்த நாள் அவன் பாடசாலைக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் வீட்டுக்குப் போனோம். அவன் வெளியூரில் ஒரு கடையில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போய்விட்டானாம். உம்மா எங்களிடம் கேட்டது, "சேர், அவன் எடுத்தானா இல்லையா எண்டு எனக்கும் தெரியா. கேட்டா அழுறான். நீங்களாவது கேட்டிருக்கக் கூடாதா அவனிட்ட?" போன் இன்றுவரை கிடைக்கவில்லை. எடுத்தவன் அவனா வேறு யாருமா என்பது எங்களுக்கும் தெரியாது.

பதினைந்து வயதுப் பையன். கணிதம் வராது, ஆனால் விளையாட்டுப் போட்டி வந்தால் நாலு மணி வரை நின்று கோடு போடுவான், கதிரை தூக்குவான், கடைசியாகக் கேட்டைப் பூட்டிவிட்டுப் போவதும் அவன்தான்.

வகுப்பு இடாப்பில் அவன் பெயரை இன்னும் வெட்டவில்லை. அதிபரிடமும் பேசி வைத்திருக்கிறோம். அடுத்த தவணை ஆரம்பமாகும் முன் ஜமாஅத்தில் இருந்து இரண்டு பேர் எங்களோடு அந்தக் கடைக்கும் அந்த வீட்டுக்கும் வரத் தயாராக இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். கடைக்காரரும் உட்காரட்டும், பையனும் உட்காரட்டும், அவன் பேசி முடிக்கும் வரை மற்றவர்கள் பேசாமல் இருப்போம்.

அந்தப் போட்டோ யாருடைய போனிலாவது இன்னும் இருந்தால் அழித்துவிடுங்கள். கமெண்டில் அவன் பெயரை எழுத வேண்டாம், எழுதினால் நீக்கப்படும்.